பேட்டையும் வாசலும்

திருத்தணியிலிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் ஆர்.கே.பேட்டை வரும். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது அதன் முழுப் பெயர். அவ்வளவு நீளமான பெயரைச் சொல்லி முடிக்கக் கண்டக்டர்களுக்கு அவகாசம் இல்லாததாலோ என்னவோ, முன்பாதி இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ராமகிருஷ்ணர் போனார், ராஜுவும் போனார்; பேட்டை மட்டும் சேதமில்லாமல் நிற்கிறது. பெயரில் எது முக்கியம் என்பது ஜனங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊருக்குப் போனால் கோயிலையும் குளத்தையும் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தொடங்கிவிடுவான். அந்த வட்டாரத்துத் தெருக்களில் நான் நடந்தபோது அதிகமாகப் படித்த இலக்கியம் ஒரே விஷயத்தைப் பற்றியது. "வாசலில் வண்டி நிறுத்தாதீர்" என்று ஒரு வீட்டுக் கதவு கெஞ்சியது. "நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று அடுத்த வீட்டுக் கதவு மிரட்டியது. மூன்றாவது வீட்டுக்காரர் எழுத்தில் நம்பிக்கை இழந்தவர். பழைய ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து வாசலுக்கு எதிரே தெருவில் போட்டிருந்தார். மின்சார கிரைண்டர் வந்தபிறகு வேலை போய்க் கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லுக்கு வயோதிக காலத்தில் காவல்கார உத்தியோகம் கிடைத்துவிட்டது!

இது ஆர்.கே.பேட்டைக்கு மாத்திரம் உரிய விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் எந்தச் சிறு நகரத்துத் தெருவுக்குப் போனாலும் இந்த ஆட்டுக்கல்லைப் பார்க்கலாம். ஆனால் ஒரு விசேஷம். எல்லைப் போராட்டம் என்றால் என்ன என்பதை நேராகக் கண்ட பூமி இது. கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணிச் சீமை வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்து, 1911-இல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதோடு போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சிக்குப் பிறகு, படாஸ்கர் சிபாரிசின்படி பார்லிமெண்ட் சட்டம் செய்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணித் தாலுகா சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. அன்று காலையில் வாசல் தெளித்த பெண்மணி தன் வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே ராஜ்யம் மாறிவிட்டாள். அத்தனை பெரிய எல்லைத் தகராறு மனிதர்கள் உட்கார்ந்து பேசியதில் ஒருவாறு தீர்ந்தது. வாசலுக்கு எதிரே உள்ள ஆறடித் தெரு யாருக்குச் சொந்தம் என்ற எல்லைத் தகராறுக்கு மட்டும் இன்னும் ஒரு படாஸ்கர் வரவில்லை.

ஆகவே அந்த ஆறடியின் சரித்திரத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

* * *

முதலில் பேட்டை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் பேட்டை, தெலுங்கில் பேட்ட. இரண்டு பாஷையும் கலந்து புழங்கும் எல்லைச் சீமைக்குப் பொருத்தமான சொல். கோட்டைக்கு வெளியே வியாபாரிகளும் தொழிலாளிகளும் குடியேறிய இடத்துக்கு அந்தப் பெயர் வழங்கியது. சென்னைப் பட்டணத்துச் சிந்தாதிரிப்பேட்டையை 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் உண்டாக்கியபோது, நூல் நூற்பவர்களையும் நெசவாளிகளையும் அழைத்துத்தான் குடிவைத்தார்கள். பேட்டைக்கும் தறிக்கும் சம்பந்தம் பழையது.

சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வண்டிப்பேட்டை என்பதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் எல்லையில் நாலைந்து புளிய மரம், ஒரு கிணறு, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் விற்கிற ஒரு கிழவி, இராத்திரி முழுதும் அணையாத ஓர் அடுப்பு. சந்தைக்கு வருகிற வண்டிக்காரன் அங்கே நுகத்தடியை இறக்கிவிட்டு மாட்டை அவிழ்ப்பான். வண்டிக்கு இத்தனை என்று கட்டணம் உண்டு. பஞ்சாயத்தோ முனிசிபாலிடியோ அதை வருஷக் குத்தகைக்கு விடும். ஊருக்குள் சரக்கு இறக்கலாம், ஏற்றலாம். இறக்கி ஏற்றியானதும் பேட்டைக்குப் போய்விட வேண்டும். தெரு போவதற்கு, பேட்டை நிற்பதற்கு என்ற பாகுபாடு படிக்காத வண்டிக்காரனுக்கும் தெரிந்திருந்தது.

இந்த வழக்கத்தைச் சட்டமும் மதித்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்திலும், பின்னால் வந்த பஞ்சாயத்துச் சட்டங்களிலும் வண்டிப்பேட்டைக்கு இடம் உண்டு. அவற்றின் போக்கு மிகவும் கவனிக்கத்தக்கது. ஸ்தல ஸ்தாபனம் வண்டிப்பேட்டை ஒன்றை ஏற்படுத்திக் கொடுக்கலாம், கட்டணமும் வாங்கலாம். அப்படி ஏற்படுத்திக் கொடுத்தபின், அதற்கு இத்தனை தூரத்துக்குள் தெரு ஓரத்தில் யாரும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று தடுக்கலாம். வண்டிப்பேட்டை என்றால் மோட்டார் வண்டி நிற்குமிடமும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கக் குறிப்பும் சொல்கிறது.

வரிசையைப் பார்த்தீர்களா? முதலில் இடம், பிறகு தடை. சட்டம் எழுதியவர் யாரோ, வண்டிக்காரனின் நிலைமையில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கிறார். "இங்கே நிற்காதே" என்று சொல்வதற்கு முன்னால், "அங்கே நில்" என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு நம் ஊர்களில் தடைப் பலகை முதலில் வந்துவிடுகிறது. இடம் அடுத்த பட்ஜெட்டில் வருவதாகச் சொல்லப்படுகிறது. பழைய வண்டிப்பேட்டைகளில் பல, பஸ் நிலையமாகவும் கடை வரிசையாகவும் மாறிவிட்டன. மாடு போயிற்று; மரம் போயிற்று; பெயர் மட்டும் பஸ் டிக்கெட்டில் இருக்கிறது.

* * *

நெசவாளர் ஊருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று அந்தப் பக்கம் முழுவதும் தறி ஓசை கேட்கிற சீமை. கைத்தறிக் காலத்தில் நெசவாளர் தெரு என்பது நடக்கிற பாதை மட்டும் அல்ல. தொழிற்சாலையின் ஒரு பாதி. தறி வீட்டுக்குள் இருக்கும். பாவு தெருவில் இருக்கும்.

விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், தெருவின் நீளத்துக்குக் கவைக் கொம்புகளை ஊன்றிப் பாவை விரித்துக் கட்டுவார்கள். கஞ்சிப் பசை தடவி, நீளமான தூரிகையை இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்கள். இழையோடு இழை ஒட்டாமல் பிரிய வேண்டும். பசை காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆட்கள் வேண்டும். பிள்ளைகள் அறுந்த இழையை முடிந்துகொண்டு கூடவே வருவார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரமும் தெரு பாவுக்குச் சொந்தம்.

"பாவு கெடந்தா கலெக்டரு வண்டி வந்தாலும் அந்தாண்ட சுத்திக்கினுதான் போவணும், ஐயா" என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்.

"யாராவது சண்டைக்கு வந்ததில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"எதுக்கு வரணும்? ஒம்போது மணிக்கு மேல நாங்களே சுருட்டிக்கினு பூடுவோமே!"

வெகு நேரம் இந்தப் பதிலை நினைத்துக்கொண்டே இருந்தேன். பெரிய நகரங்களின் நிர்வாக சபைகள் வருஷக் கணக்கில் விவாதித்துக் கண்டுபிடிக்கிற தத்துவம் அதற்குள் இருக்கிறது. தெருவில் ஒருவருக்கு விசேஷ உரிமை கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், ஒரு நேரம் இருக்க வேண்டும், நேரம் முடிந்தால் சுருட்டிக்கொண்டு போகிற மரியாதை இருக்க வேண்டும்.

விசைத்தறி வந்தது. பசை போட்ட பாவு, பீமில் சுற்றிய உருளையாகவே வந்து இறங்கத் தொடங்கிற்று. தெரு காலியாயிற்று. காலியான இடம் காலியாகவே இருப்பது இந்த உலகத்தில் கிடையாது. முதலில் சைக்கிள் வந்தது, பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு பீம் கொண்டுவருகிற சிறு லாரி, பிறகு கார். பாவு ஒன்பது மணிக்குச் சுருண்டது. கார் சுருளுவதில்லை.

கார் என்பது ஓடுகிற வண்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாஸ்தவத்தில் அது நிற்கிற வண்டி. டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005-இல் இதைப் பற்றியே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். ஒரு கார் தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பாகம் சும்மாதான் நிற்கிறது என்பது அவர் கணக்கு. வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் பணம் கொடுக்கிறோம். தெருவில் ஓர் அறை அளவு இடத்தை இரவும் பகலும் பிடித்துக்கொள்வதற்கு மட்டும் வாடகை இல்லை. அந்த வாடகையை யார் கொடுக்கிறார்கள்? கார் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள். நடுத்தெருவில் நடக்க வேண்டிய கிழவியும், விளையாட இடமில்லாத பையனும், கோலம் போட வாசல் இல்லாத பெண்ணும் கொடுக்கிறார்கள்.

* * *

இந்தத் தொல்லை உலகத்தில் புதிது அல்ல. ஜூலியஸ் ஸீஸர் காலத்து ரோமாபுரியில், சூரியோதயம் முதல் பகலின் பத்தாவது மணி நேரம் வரையில் நகரத்துக்குள் சக்கர வண்டி ஓடக் கூடாது என்று விதி செய்தார்கள். கோயில் கட்டக் கல் கொண்டுவரும் வண்டிக்கும், பூசாரிப் பெண்களின் வண்டிக்கும் விலக்கு உண்டு. பகலில் தெரு நடக்க லாயக்காயிற்று. ஆனால் வண்டிகள் எல்லாம் இரவில் புறப்பட்டன. வண்டிச் சத்தத்தில் ரோமாபுரியில் தூங்கவே முடியவில்லை என்று ஜுவெனல் என்ற கவி பிற்காலத்தில் வசை பாடினார். தடை போட்டால் தொல்லை ஒழிந்துவிடுகிறது என்பது அதிகாரிகளின் நம்பிக்கை. தொல்லை அடுத்த தெருவுக்கோ அடுத்த ஜாமத்துக்கோ குடிபோகிறது என்பது சரித்திரம்.

நம் அர்த்தசாஸ்திரம் அபராதத்திலேயே நம்பிக்கை வைத்தது. தெருவில் புழுதி கொட்டினால் பணத்தில் எட்டில் ஒரு பங்கு, சேறும் நீரும் தேக்கி வழியை அடைத்தால் கால் பணம், ராஜபாட்டையில் செய்தால் இரட்டிப்பு என்று கௌடில்யர் கணக்காக எழுதிவைத்தார்.

மோட்டார் யுகத்தில் இந்த விஷயத்தைத் தொடங்கிவைத்த பெருமை ஒரு பத்திரிகாசிரியரைச் சேர்ந்தது. ஓக்லஹோமா நகரத்தில் ஆபீஸுக்குப் போகிறவர்கள் காலையிலேயே கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடம் இராது. கார்ல் மகீ என்ற அந்தப் பத்திரிகைக்காரரின் யோசனையால், 1935 ஜூலை 16-ஆம் தேதி அந்த நகரத்தில் காசு போடுகிற மீட்டர் நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட். அதுவரை காற்றைப் போல இலவசமாக இருந்த தெரு ஓரத்துக்கு அன்று விலை பிறந்தது.

மீட்டர் கடைத்தெருவைக் காத்தது. குடியிருப்புத் தெருவை யார் காப்பது? வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆர்லிங்டன் கவுண்டியில் அரோரா ஹைலண்ட்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. பக்கத்தில் கிரிஸ்டல் ஸிட்டி என்ற பெரிய ஆபீஸ் வட்டாரம் எழும்பிற்று. வேலைக்கு வருகிறவர்கள் குடியிருப்புத் தெருக்களில் காரை நிறுத்திவிட்டுப் போனார்கள். கவுண்டி சபை ஒரு விதி செய்தது. வேலை நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, அங்கே குடியிருப்பவர்களும் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் அனுமதிச் சீட்டோடு நிறுத்தலாம், மற்றவர்கள் கூடாது. வர்ஜீனியாவின் உயர்ந்த நீதிமன்றம், பொதுத் தெருவில் குடியிருப்பவன், வெளியான் என்று பேதம் பாராட்டுவது செல்லாது என்று தள்ளியது. ஆனால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1977-இல் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. சத்தம், புகை, விபத்து இவற்றைக் குறைப்பதற்காக ஊரார் இப்படி ஒரு பாகுபாடு செய்தால் அது சமத்துவத்துக்கு விரோதமல்ல என்பது கோர்ட்டின் முடிவு. உலகத்தில் பல நகரங்களின் அனுமதிச் சீட்டு வட்டாரங்களுக்கு அந்தத் தீர்ப்பு தைரியம் கொடுத்தது.

கதை அத்தோடு முடியவில்லை. தனி வீட்டுக்காரர்களுக்குச் சீட்டு, அடுக்கு மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பல இடங்களில் இல்லை என்றெல்லாம் நாளடைவில் புகார் வந்தது. ஆர்லிங்டன் சபையே 2017-இல் புதிய வட்டாரங்கள் சேர்ப்பதை நிறுத்திவைத்து, நிதானமாக மறுபரிசீலனை செய்து, 2021-இல் விதிகளைத் திருத்தியது. சுப்ரீம் கோர்ட்டில் வென்ற விதியைக் கூட நாற்பது வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்க அவர்கள் வெட்கப்படவில்லை. இது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய குணம்.

ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். 1962-இல் சட்டம் செய்தார்கள். காரை நிறுத்தத் தெருவுக்கு வெளியே உனக்கு இடம் இருக்கிறதா என்று போலீஸாரிடம் சர்டிபிகேட் வாங்கினால்தான் கார் பதிவாகும். இரவில் எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தெருவில் காரை விட்டுவைக்கவும் கூடாது. டோக்கியோவின் சந்துகள் நம் சந்துகளைவிட அகலமானவை அல்ல. ஆனாலும் அங்கே பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறார்கள்.

நம் தேசத்தில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம், வண்டி நிற்கும் இடங்களைக் குறிப்பிட ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கிறது. 2019-இல் டில்லியில் செய்த விதிகள், வட்டாரத்துக்கு வட்டாரம் திட்டம் போட்டுக் குடியிருப்போர் சங்கங்களையும் கலந்துகொள்ளச் சொல்கின்றன. ஆக, அனுமதிச் சீட்டு நம் ஊர்களுக்கும் வருகிற காலம் தூரத்தில் இல்லை.

* * *

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டாகிறது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"எங்கள் தெருவில் எங்களுக்குத்தான் உரிமை, வெளியான் வரக் கூடாது" என்ற வாக்கியம் ஆர்லிங்டனில் சாதாரண வாக்கியமாக இருக்கலாம். நம் தேசத்தில் அது சாதாரண வாக்கியம் அல்ல. அதற்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு.

வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சில ஜாதியார் நடக்கவே கூடாது என்று இருந்தது. 1924 மார்ச் 30-ஆம் தேதி சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. பெரியார் போய்ச் சிறையில் இருந்தார். காந்திஜி போய்ப் பேசினார். இருபது மாதம் ஆயிற்று, மூன்று பக்கத்துத் தெருக்கள் திறப்பதற்கு. வண்டி நிறுத்துவதற்கு அல்ல; மனிதன் கால் வைப்பதற்கு! அதே 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத் தெருவிலும் நடக்கத் தடை இல்லை என்பது அதன் சாரம். அது நிறைவேறிற்று. சர்க்கார் உத்தரவும் வெளியாயிற்று. தெரு என்பது தெருவில் குடியிருப்பவனுடைய சொத்து அல்ல, எல்லாருக்கும் உரியது என்ற எளிய உண்மைக்கு ஒரு சர்க்கார் உத்தரவு தேவைப்பட்ட நாடு இது.

அமெரிக்க நீதிபதிகள் குடியிருப்பவன், வெளியான் என்று பிரித்தபோது, ஒருவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பது அவன் கையில் உள்ள விஷயம் என்று எண்ணியிருப்பார்கள். நம் ஊர்களில் தெருக்கள் ஜாதிவாரியாக அமைந்தவை. இன்றைக்கும் பல ஊர்களில் அந்த அமைப்பு முழுவதும் கலைந்துவிடவில்லை. தெருவாரியாகச் சீட்டுக் கொடுத்தால் யார் கையில் சீட்டு இருக்கும், யார் கையில் இராது என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்காகச் செய்த விதி, நாளடைவில் ஒரு கேட்டாக மாறி, கேட்டுக்கு ஒரு காவல்காரன் வந்து, "நீ எந்தத் தெரு?" என்று கேட்கத் தொடங்கினால், 1924-க்கு முந்திய இடத்துக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம்.

அதற்காக அனுமதிச் சீட்டே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வாசலை அடைத்து நிற்கிற காரால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளி வெளியே வர முடியாமல் தவிக்கும்போது, தெரு எல்லாருக்கும் பொது என்று வேதாந்தம் பேசுவதில் பயன் இல்லை. நடப்பது எல்லாருடைய உரிமை, நிறுத்திவைப்பது சலுகை. உரிமைக்குச் சீட்டுக் கேட்கக் கூடாது. சலுகைக்குக் கேட்கலாம். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு நம் சரித்திரமே வழி சொல்கிறது. வண்டிப்பேட்டைச் சட்டம் சொன்னபடி முதலில் இடம் கொடுத்துவிட்டுப் பிறகு தடுக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கும், பெருமாளைச் சேவிக்கச் சோளிங்கபுரத்துக்கும் ஜனங்கள் திரளாகப் போகிற சீமை இது. திருநாளுக்கு ஒரு விதியும் சாதாரண நாளுக்கு ஒரு விதியும் வேண்டும். சலுகைக்கு வாங்குகிற பணம் அந்தத் தெருவின் விளக்குக்கும் சாக்கடைக்கும் போக வேண்டும். சீட்டு வாங்கக் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடிப் பேசி முடிவு செய்யாமல், கார் இல்லாதவர்களும் வந்து பேசுகிற சபையில் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு சபை வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறது. அதில் ஒரு தடவை தெருவைப் பற்றிப் பேசலாம். போன வருஷம் செய்த விதி யாருக்கு உதவிற்று, யாருக்கு இடைஞ்சலாயிற்று, தொல்லை எந்தத் தெருவுக்குக் குடிபோயிற்று என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டுத் திருத்தலாம்.

நான் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று விடியற்காலையில் அந்தப் பெரியவருடைய தெரு வழியாக வந்தேன். இரண்டு பக்கமும் வண்டிகள். நடுவில் ஒரு பெண்மணி, ஒரு காரின் முன் சக்கரத்துக்கும் மற்றொன்றின் பின் சக்கரத்துக்கும் இடையில் கிடைத்த இரண்டு முழ இடத்தில், குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இழை ஒன்று கார்ச் சக்கரத்தில் முட்டி நின்றது. அவள் கொஞ்சம் யோசித்தாள். புள்ளியைக் குறைத்துக்கொண்டு கோலத்தைச் சின்னதாக முடித்தாள்.

வண்டியின் சொந்தக்காரர் நல்லவராகத்தான் இருப்பார். அவருக்கு யாரும் வேறு இடம் காட்டவில்லை. பேட்டை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஊர் அந்த இடத்தை அவருக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.